மீன்வலைக் கம்பெனியிலிருந்து கிரிக்கெட் வலை ஏற்றுமதி: என் விலை ஏன் இரண்டு மடங்குக்கும் மேல்?

குமரிவலை எழுதியது:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வலைக் கம்பெனி இருக்கிறது. அப்பா தொடங்கியது. ஆறு மெஷின், ஓரம் கட்டவும் கிழிசல் பார்க்கவும் பத்தொன்பது பெண்கள். இதுவரை குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், அந்தப் பக்கம் விழிஞ்ஞம் வரை மீன்வலை மட்டும்தான் கொடுத்து வந்தோம். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் வலை மாற்றுவார்கள், அப்போது இரண்டு ஷிப்ட் ஓடும். ஆகஸ்ட் பாதி தாண்டினால் மூன்று மெஷின் ஓடும், மூன்று சும்மா கிடக்கும். அந்த மூன்றுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

மெல்பர்னில் இருக்கும் என் பெரியப்பா மகன் மூலம் ஒருவர் தொடர்பு கிடைத்தது. அங்கே விளையாட்டு மைதானங்களுக்குச் சாமான் சப்ளை செய்பவர். கிரிக்கெட் பயிற்சி வலை கேட்டார். 50 மி.மீ. கண்ணி, 2 மி.மீ. நூல், எச்.டி.பி.ஈ. என்கிற பிளாஸ்டிக், கறுப்பு, வெயில் தாங்கும் மருந்து கலந்தது, முடிச்சு வலை, நாலு பக்கமும் கயிறு. ஒரு துண்டு 30 மீட்டருக்கு 3 மீட்டர், மொத்தம் 60 துண்டு.

மெஷினில் ஒரு முழம் ஓட்டி எடை போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு 250 கிராம் வந்தது. நூல், கரண்ட், கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ 290 ரூபாய் வைத்து, கயிற்றுச் செலவைத் தனியாகப் போட்டு, எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது அங்கே கப்பலில் ஏற்றுவது வரை என் செலவு என்று விலை அனுப்பினேன். இதில் எனக்கு நிற்பது கிலோவுக்கு இருபது ரூபாய்கூட இல்லை. மறுநாள் பதில் வந்தது. சீனாவிலிருந்து வாங்கும் விலைக்கு இது இரண்டு மடங்குக்கும் மேல், நன்றி, அவ்வளவுதான்.

இதுதான் எனக்குப் புரியவில்லை. நூலுக்கான பிளாஸ்டிக் குருணை விலை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதானே? சீனாவில் அரசாங்கம் அவ்வளவு மானியம் கொடுக்கிறதா? விளையாட்டுச் சாமான் சந்தை உலகம் முழுக்க வளர்கிறது, கிரிக்கெட் ஒலிம்பிக்ஸுக்குப் போகிறது என்று படிக்கிறோமே, அதில் எங்களை மாதிரி ஆட்களுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா? எங்களிடம் ஜி.எஸ்.டி. மட்டும்தான் இருக்கிறது. ஏற்றுமதிக் காகிதம் எதுவும் இன்னும் எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வணிகச்சிறகு எழுதியது:

வாழ்த்துகள் ப்ரோ! சரியான நேரத்தில் இறங்குகிறீர்கள். உலக விளையாட்டுப் பொருள் சந்தை மிக வேகமாக வளர்ந்து வருகிறது. வலையோடு நிறுத்தாதீர்கள். பேட், பந்து, பேட்டிங் கிளவுஸ் எல்லாம் சேர்த்து ஒரு பிராண்டாகக் கொண்டு வாருங்கள். ஒரு நல்ல வெப்சைட், ஒரு லோகோ, அமேசானில் ஒரு கடை. உலகமே உங்கள் சந்தை!

பழைய ஜலந்தர் எழுதியது:

தம்பி, லோகோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சீனாவையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு மெஷினடிக்குப் போங்கள். நீங்கள் ஓட்டிய அந்தச் சாம்பிள் துண்டில் ஒரு கண்ணியின் ஒரே ஒரு பக்கத்தை, இந்த முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை, அளந்து சொல்லுங்கள். கண்ணியை இழுத்து மூடி அளக்க வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

குமரிவலை எழுதியது:

அளந்தேன் அண்ணே. 25 மி.மீ. வருகிறது. இழுத்துப் பிடித்தால் 50. நாங்கள் எப்போதும் இழுத்துத்தான் அளப்போம். மீன்வலையில் 50 என்றால் அதுதானே?

பழைய ஜலந்தர் எழுதியது:

அதேதான். மானியமும் இல்லை, மாயமும் இல்லை. அவர் கேட்டது ஒரு வலை, நீங்கள் விலை சொன்னது வேறொரு வலை.

கடலில் கண்ணி அளவு என்றால் இழுத்து மூடிய அளவு. மீன் அதில் நுழைந்து நெருக்கும்போது கண்ணி அப்படித்தான் நீளும், அதனால் அந்தக் கணக்கில் ஒரு நியாயம் உண்டு. மைதானத்தில் வலை விரிந்து நிற்கிறது. அங்கே 50 என்றால் சதுரத்தின் ஒரு பக்கம் 50. உங்கள் பாஷையில் சொன்னால் அவர் கேட்டது நூறு. நீங்கள் போட்டது அதில் பாதி.

அளவு பாதியானால் எடை எங்கே போகிறது என்று பாருங்கள். 50 பக்கக் கண்ணியில் ஒரு சதுர மீட்டருக்கு 40 மீட்டர் நூல் ஓடும். 25 பக்கத்தில் 80 மீட்டர். இது இரண்டு மடங்கு, சரி. ஆனால் முடிச்சு? அங்கே சதுர மீட்டருக்கு 400 முடிச்சு, இங்கே 1,600. முடிச்சு எவ்வளவு நூலைத் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கணக்குக்கு அவர் கேட்ட வலை சதுர மீட்டருக்கு நூறு கிராம் பக்கம்தான் வரும். உங்களுடையது 250. அதே கிலோ விலையை வைத்தே போட்டுப் பாருங்கள். மெஷின் ஓடும் நேரமும் குறையும், அதனால் கூலியும் இறங்கும்.

இன்னொன்று. கிரிக்கெட் பந்தின் குறுக்களவு 72 மி.மீ. பக்கம். 50 பக்கக் கண்ணியில் அது நிற்கும், டென்னிஸ் பந்தும் நிற்கும். உங்கள் 25 கண்ணி எதற்கு லாயக்கு என்றால், கோல்ஃப் பந்துக்கு. அது 43 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. அவர் கிரிக்கெட் வலை கேட்டார், நீங்கள் கோல்ஃப் வலைக்கு விலை சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோல்ஃபுக்கும் ஆள் வருவார்கள்.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதைவிட மோசமாக நானே செய்திருக்கிறேன். எனக்கு ஊர் கோவில்பட்டி. பதினொரு வருடம் பஞ்சாபில் ஜலந்தரில் ஒரு விளையாட்டுச் சாமான் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிறவனாக இருந்தேன். பஸ்தி நௌ பக்கம் ஒரு மாடி அறை. கீழே கால்பந்துக்குத் தையல், எதிரே ஹாக்கி மட்டைக்குப் பாலிஷ், வீட்டுக்குள் எப்போதும் பசை வாசனை. முதல் வருடமே ஸ்காட்லாந்துக்கு ஒரு கோல்போஸ்ட் வலை ஆர்டர். கோல்போஸ்ட் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. பேக்கிங் அறையில் இரண்டு பையன்கள் வலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுக்க, நான் டேப் வைத்தேன். ஏழரை மீட்டர் காட்டியது. நானே டிக் போட்டேன். அவர்கள் கோல்போஸ்டில் கட்டி, உயரத்துக்கும் இழுத்ததும் அகலம் சுருங்கிவிட்டது. போட்டோ வந்தது. கம்பத்துக்கும் வலைக்கும் நடுவே ஒரு பந்து தாராளமாகப் போகிற இடைவெளி, அதில் ஒரு பையன் தலையை நீட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மாற்று வலையை விமானத்தில் அனுப்பினோம். அந்த வாடகை அடுத்த மூன்று ஆர்டர் லாபத்தைத் தின்றது. முதலாளி திட்டவில்லை. அந்தப் போட்டோவை பிரிண்ட் எடுத்து என் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டார். நான் வேலையை விடும்வரை அது அங்கேதான் இருந்தது.

அதனால் நீங்கள் அடுத்து கேட்க வேண்டியது: 30க்கு 3 என்பது கட்டி முடித்த அளவா, இழுத்த அளவா? வைர வடிவக் கண்ணியாகத் தொங்கினால் போதுமா, சதுரமாகவே நிற்க வேண்டுமா? உங்கள் மெஷினில் இறங்குவது வைரம். நூறு மீட்டர் இழுத்த வலையை எழுபத்தொரு மீட்டர் கயிற்றில் ஏற்றினால்தான் கண்ணி சதுரமாக விரியும், அதுவும் மூலையில் நிற்கும் சதுரமாக. வலை ஏற்றுகிற உங்கள் பெண்களுக்கு இந்தக் கணக்கு கையில் இருக்கும். பக்கம் தரைக்கு இணையாக நிற்கும் சதுரம்தான் வேண்டும் என்றால் குறுக்கே வெட்டியெடுக்க வேண்டும், சேதாரம் வரும், அந்த விலை வேறு. கேட்காமல் விலை போடாதீர்கள்.

வெயில் மருந்து விஷயத்தில் நூல்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். மீன்வலை தண்ணீரில் பாதி நாள் கிடக்கும், கிழிந்தால் மாற்றுவார்கள். மைதான வலை வருடம் முழுக்க வெயிலில் தொங்கும். ஆஸ்திரேலிய வெயில் சும்மா இல்லை. கார்பன் பிளாக் சரியாகக் கலந்த புதுக் குருணை நூல்தான் நிற்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிய நூலும் பார்க்க அதே கறுப்புதான், ஆனால் விரலால் முறுக்கினால் ஒடிகிற நாள் சீக்கிரம் வந்துவிடும். சென்னை கிண்டியில் சிப்பெட் என்கிற மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனம் இருக்கிறது. அங்கே கொடுத்து வெயில் சோதனையும் அதற்கு முன்னும் பின்னும் இழுவைப் பலமும் பார்த்து ஒரு ரிப்போர்ட் வாங்கி வையுங்கள். கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் வாங்குபவரிடம் பேச அதைவிட நல்ல தாள் கிடையாது.

சந்தை வளர்கிறதா என்று கேட்டீர்கள். வளர்கிறது, மறுக்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் டி20 இருக்கிறது. அமெரிக்காவில் மேஜர் லீக் கிரிக்கெட் 2023இல் தொடங்கியது. பிக்கிள்பால் என்று ஒன்று அங்கே தெருத்தெருவாக ஆடுகிறார்கள், அதற்கும் வலை வேண்டும். ஆனால் உங்களுக்குச் சோறு போடுவது ஒலிம்பிக்ஸ் இல்லை. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கிழிந்த வலைக்குப் பதில் இன்னொரு வலை, அதுதான் வியாபாரம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கிழியும், யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். அதில் பளபளப்பே கிடையாது, அதனால்தான் பெரிய ஆட்கள் அதில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை.

பேட், பந்து என்று மேலே ஒருவர் சொன்னார். அந்தப் பக்கம் போகாதீர்கள். 1947இல் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஸியால்கோட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் அந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸியால்கோட்டே உட்கார்ந்திருக்கிறது. கால்பந்து உலகக் கோப்பைப் பந்து அங்கேதான் தயாராகிறது, 2014இலும் 2018இலும் 2022இலும் அங்கிருந்துதான் போனது. வியாபாரிகளே பணம் போட்டுத் தங்களுக்கு ஒரு விமான நிலையம் கட்டிக்கொண்ட ஊர் அது. அவர்களோடு பந்தில் மோதுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? முடிச்சு போடத் தெரிந்த கை இருக்கிறது. ஜலந்தரில் இருந்தபோது வலை வேண்டுமென்றால் நாங்கள் வெளியே வாங்கித்தான் கயிறு கட்டி அனுப்புவோம்.

அமெரிக்காவை முதல் சந்தையாகப் பிடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சாமானுக்கு அவர்கள் வரியை 50 சதவீதம் வரை ஏற்றியபோது, ஜலந்தரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேக் பண்ணின பெட்டிகள் அப்படியே நின்றன. ஒரே நாட்டை நம்பினால் அந்த நாட்டுக்குத் தும்மல் வரும்போது நமக்குக் காய்ச்சல்.

பணம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புது ஆள் என்றால் 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் காகிதம்) நகல் காட்டியதும், அதற்குப் பிறகுதான் அசல் காகிதம். கடனுக்குக் கொடுக்கத் தொடங்கினால் வாங்கியவர் பணம் தராமல் போனால் ஈடு தரும் ஈ.சி.ஜி.சி. காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பாங்க் கணக்கு நம்பர் மாறிவிட்டது என்று எந்த மெயில் வந்தாலும் போன் பண்ணிக் கேட்காமல் யாரும் பணம் அனுப்பக்கூடாது என்று முதல் நாளே வாங்குபவரிடம் சொல்லி வையுங்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு எங்கள் பெயரிலேயே ஒரு திருட்டு மெயில் போய், ஒரு கன்டெய்னர் பணம் வேறு எவன் கணக்கிலோ விழுந்தது. திரும்பவே இல்லை.

குமரிவலை எழுதியது:

அண்ணே, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "நாப்பது வருசமா வலை விக்கிறேன், கண்ணியை அளக்கத் தெரியலேன்னுட்டானே" என்று சிரித்துக்கொண்டே போனார். 100 கண்ணிக்கு மெஷினில் கண்ணி அளவை மாற்ற வேண்டும், பெரிய வேலை இல்லை. சாம்பிள் ஓட்டிவிட்டு எடையோடு வருகிறேன்.

துறைமுகத்தான் எழுதியது:

அண்ணாச்சி, தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் இருக்கிறேன். காகிதப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் ஐ.இ.சி., அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்ய வேண்டிய நம்பர். டி.ஜி.எஃப்.டி. என்கிற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் நீங்களே போடலாம், கட்டணம் 500 ரூபாய். இதற்கு ஏஜென்டுக்கு ஐயாயிரம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுக்காதீர்கள். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரம் சரி என்று உறுதி செய்ய வேண்டும், மறந்தால் நம்பர் முடங்கும். அப்புறம் உங்கள் பாங்கில் ஏ.டி. கோடு, அதாவது ஏற்றுமதிப் பணம் வரும் பாங்க் கிளையின் நம்பர் வாங்கி, சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. பக்கம் எல்.யூ.டி. என்கிற உறுதிமொழிக் கடிதம் போட்டுவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும், ஏப்ரலில் புதிதாகப் போட வேண்டும். விளையாட்டுச் சாமான் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் டெல்லியில் இருக்கிறது, உறுப்பினராகச் சேருவதை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

முக்கியமான இடம் கோடு, அதாவது சுங்கத்தில் சரக்கு வகைக்கு உள்ள எண். நீங்கள் இத்தனை நாள் பில் போட்டது 5608, மீன்வலை. விளையாட்டு வலை அதில் வராது. அது 9506க்குப் போகும், நம் ஊர் எட்டு இலக்கத்தில் 9506 99 60. பழக்கத்தில் பழைய கோடையே போட்டுவிட்டால் டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) கணக்கும் மாறும், அங்கே இறங்கும்போது வாங்குபவருக்கும் தலைவலி. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, மீதி அவரவர் இஷ்டம். அதனால் அவர் அங்கே எந்தக் கோடில் இறக்குகிறார் என்று கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவோடு நமக்கு வர்த்தக உடன்பாடு 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சலுகை வேண்டுமென்றால் மூலச் சான்றிதழ் எடுக்க வேண்டும், நூல் எங்கே வாங்கினீர்கள் என்ற கணக்கும் காட்ட வேண்டும். அவருடைய கோடுக்கு ஏற்கெனவே வரியே இல்லை என்றால் அந்த அலைச்சல் தேவையில்லை.

60 துண்டுக்குத் தனி கன்டெய்னர் வேண்டாம், எல்.சி.எல்.லில், அதாவது மற்றவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் போகும். கொழும்பில் மாறிப் போகும். ஒன்று கவனியுங்கள்: எல்.சி.எல்.லில் ஆயிரம் கிலோ அல்லது ஒரு கனமீட்டர், எது கூடுதலோ அதற்குத்தான் வாடகை. வலை பஞ்சு மாதிரி, எடை இருக்காது, இடம் அடைக்கும். சும்மா சுருட்டி சாக்கில் போட்டால் காற்றுக்கு வாடகை கட்டுவீர்கள். பேல் பிரஸ்ஸில் அமுக்கிக் கட்டுங்கள். மரப்பலகை பேலட் வைத்தால் சூடு காட்டி முத்திரை குத்திய பலகையாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். பேக்கிங் டிக்ளரேஷன் ஒன்றும் கேட்பார்கள். பேலட்டே வேண்டாம், பேலாகவே அனுப்புங்கள் என்பேன் நான். முந்தின வாரம் தேங்காய் நாரோ மண்ணோ கிடந்த தரையில் வைத்துக் கட்டாதீர்கள். ஒரு விதையோ ஒரு புல்லோ ஒட்டியிருந்தாலும் அங்கே பெட்டியைப் பிரித்துவிடுவார்கள், அந்தச் செலவு கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

மெல்பர்ன் மட்டை எழுதியது:

நான் ஏற்றுமதிக்காரன் இல்லை. மெல்பர்னில் வார இறுதி கிரிக்கெட் ஆடும் ஒரு கிளப்பில் சாமான் பொறுப்பு என் தலையில் விழுந்து ஆறு வருடமாகிறது. அதாவது, நீங்கள் செய்யப்போகிற வலைக்குக் கீழே நின்று திட்டப்போகிற ஆள் நான்தான்.

எங்கள் வலை எங்கே முதலில் போகிறது தெரியுமா? எல்லோரும் பந்து அடிக்கும் இடம் என்று நினைப்பார்கள். இல்லை, அடியில். தரையிலிருந்து ஒரு முழம். புல்வெட்டுபவர் சுழல்நூல் மெஷினைக் கொண்டு ஓரம் வெட்டும்போது கீழ்க்கண்ணியையும் சேர்த்து வெட்டிவிடுகிறார். ஒரு சீசனில் கீழே வாய் பிளந்துவிடும், பந்து அடுத்த லேனுக்கு உருளும், அங்கே ஆடுபவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். அடியில் ஒரு பட்டை, கனமான தார்பாய்த் துணியோ இரட்டை வலையோ, தைத்துத் தருகிறவர்களிடம் நாங்கள் கூடக் கொடுத்து வாங்குகிறோம்.

இரண்டாவது, இங்கே யாருக்கும் வலை தைக்கத் தெரியாது. ஓட்டை விழுந்தால் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டு இழுத்துக் கட்டுவோம். எங்கள் மூன்றாவது லேனைத் தூரத்திலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும்.

மூன்றாவது, காலம். எங்களுக்கு சீசன் அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் வலை கம்பத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் உங்கள் கம்பெனியிலிருந்து ஜூன், ஜூலையில் கிளம்ப வேண்டும். தடைக்கால அவசரம் உங்களுக்கு அப்போதுதானே?

பழைய ஜலந்தர் எழுதியது:

மெல்பர்ன்காரர் சொன்னது சரியான இடம். நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் சீசன் ஏப்ரலில் தொடங்குகிறது. பிப்ரவரி கடைசியில் அங்கே சரக்கு இறங்க வேண்டும், தயாரிப்பு அக்டோபர் முதல் டிசம்பர். உங்கள் மூன்று மெஷின் சும்மா கிடக்கிற அதே மாதங்கள். அந்த நாட்டோடும் 2025 ஜூலையில் உடன்பாடு கையெழுத்தாகியிருக்கிறது. செங்கடல் பிரச்சினையால் 2023 கடைசியிலிருந்து நிறையக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, அதனால் இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆஸ்திரேலியாக்காரரை விட வேண்டாம். சின்ன அளவில் அவருக்குக் கொடுத்துக் கையைப் பழக்கிக்கொண்டு, குளிர்காலத்துக்கு ஒரு இங்கிலாந்துக்காரரைத் தேடுங்கள். அங்கே ஓரக் கயிற்றின் அளவு முதல் நூல் நிறம் வரை கேள்வி நிறைய வரும், பயப்பட வேண்டாம். கேள்வி கேட்கிறவன்தான் வாங்குவான்.

குமரிவலை எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

100 கண்ணி ஓட்டினோம். சதுர மீட்டருக்கு 104 கிராம். அண்ணன் கணக்குக்கு நாலு கிராம்தான் வித்தியாசம். தவறு எங்களுடையது, கண்ணியை நாங்கள் வேறு மாதிரி அளக்கிறவர்கள் என்று அவருக்கு உள்ளபடி எழுதி, புது விலை அனுப்பினேன். கட்டி முடித்த அளவா என்றும் கேட்டேன். ஆமாம், கட்டி முடித்த அளவு, வைரமே போதும் என்று பதில் வந்தது. சீனா விலையைவிட நம் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் இந்தத் தடவை "நன்றி" என்று முடிக்கவில்லை, சாம்பிள் கேட்டிருக்கிறார்.

அடியில் இரட்டை வலை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, 3க்கு 3 மீட்டரில் இரண்டு துண்டு கட்டினோம். மெல்பர்ன் அண்ணன் சொன்ன முள்ளம்பன்றி விஷயம் மனதில் நின்றது. எங்களிடம் முப்பது வருடமாக இருக்கும் ஒரு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஊசியில நூலக் கோத்து அனுப்பு, பார்த்து முடியட்டும்" என்றார். வேண்டுமென்றே நாலு கண்ணி வெட்டிவிட்டு, அவர் தைப்பதைப் போனில் வீடியோ எடுத்தேன். வெட்டின இடத்தை முதலில் இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறார். ஒரு முனையில் மூன்று கால் முடிச்சை (மூன்று நூல் மட்டும் மிஞ்சி நிற்கும் முடிச்சு) விட்டுவைத்து, அங்கே தொடங்கி, கட்டை விரலையே அளவுகோலாக வைத்துக் கண்ணி கண்ணியாக இறங்கி, அடுத்த மூன்று கால் முடிச்சில் முடிக்கிறார். இரண்டே கால் நிமிடம். முகம் வேண்டாம், கை மட்டும் எடு என்று சொல்லிவிட்டார்.

சாம்பிள் பார்சலில் நூல் கோத்த வலை பின்னும் ஊசி இரண்டு வைத்து அனுப்பினேன், வீடியோவைத் தனியாக அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. சிப்பெட் ரிப்போர்ட் வந்ததும் அனுப்பச் சொல்கிறார். முதலில் 12 துண்டு, அடியில் இரட்டை வலையோடு. கீழே தனியாக ஒரு வரி: துண்டுக்கு ஒரு ஊசி வீதம் பன்னிரண்டும், கூடுதலாக ஐம்பது ஊசியும் தனி விலைக்குத் தர முடியுமா?

துறைமுகத்து அண்ணாச்சி, பிளாஸ்டிக் ஊசிக்குக் கோடு என்ன? அதையும் வலையோடு ஒரே ஷிப்பிங் பில்லில் போடலாமா?

துறைமுகத்தான் எழுதியது:

ஒரே பில்லில் போடலாம் அண்ணாச்சி, தனி ஐட்டமாகக் காட்ட வேண்டும். ஊசியின் படமும் எந்தப் பிளாஸ்டிக் என்பதும் அனுப்புங்கள், கோடு பார்த்துச் சொல்கிறேன். ஐ.இ.சி. போட்டாச்சா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.